பழைய புல்லட்டுக்கு டயர் வாங்குவதற்கு முன்னால்

"அப்பாவோட பழைய புல்லட்டை ரெடி பண்றேன். எந்த டயர் போடலாம்?" பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் சொல்லும் பதில் கேட்பவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும்: டயரைக் கடைசியாக வாங்குங்கள். அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது அஞ்சு ஆறு இருக்கு.

காரணம் எளிது. கண்ணுக்குத் தெரிவது டயர்தான் என்றாலும் சக்கரம் என்பது பல பொருள் சேர்ந்த ஒரு தொடர். நடுவில் அச்சு, அதைச் சுற்றி பேரிங், அப்புறம் ஹப்பும் பிரேக் டிரம்மும், ஸ்போக்ஸ், ரிம், ரிம் டேப், ட்யூப், எல்லாத்துக்கும் வெளியே டயர். ஒவ்வொன்றின் அளவையும் அதற்கு உள்ளே இருப்பது தீர்மானிக்கிறது. டயரை முதலில் வாங்கிவிட்டு உள்ளே போனால், ரிம் துருப்பிடித்திருப்பது தெரியும். ரிம்மை மாற்றலாம் என்றால் டிரம் தேய்ந்திருக்கும். கடைசியில் மாட்டிய டயரையே ரெண்டு தடவை கழற்றி மாட்ட வேண்டிவரும்.

இந்தக் குறிப்பில் நான் எடுத்துக்கொள்ளும் வண்டி, இந்தியாவில் செய்த பழைய புல்லட் 350. டிரம் பிரேக், ஸ்போக் சக்கரம், முன்னும் பின்னும் 3.25-19 டயர். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊர்க் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் இந்த வண்டி வந்துகொண்டே இருந்தது. அதே திருவொற்றியூரில்தான் 1946-இல் மாம்மன் மாப்பிள்ளை குழந்தைகளுக்கான பலூன் செய்யும் சின்னப் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். அதுதான் பிறகு எம்ஆர்எஃப் ஆனது. புல்லட்டும் அதில் மாட்டும் டயரும் ஒரே ஊர்க்காரர்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

உங்களிடம் இருப்பது ஜாவாவோ ராஜ்தூத்தோ என்றால் எண்கள் மாறும். பார்க்க வேண்டிய வரிசை மாறாது.

ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்

இதில் ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. புல்லட்டின் எடை சுமார் 165 கிலோ. பெட்ரோல், ஓட்டுபவர், பின்னால் ஒருவர் எல்லாம் சேர்ந்தால் 310 கிலோ பக்கம் வரும். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் பின்சக்கரத்தின் மேல் விழும் என்று வைத்துக்கொண்டால், பின் டயர் தாங்குவது சுமார் 185 கிலோ.

பின் டயரில் 30 பிஎஸ்ஐ காற்று என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.1 கிலோ. 185-ஐ 2.1-ஆல் வகுத்தால் 88 சதுர சென்டிமீட்டர். அதாவது ஓர் உள்ளங்கை. இரண்டு பேரின் உயிர் முன்னால் ஓர் உள்ளங்கை, பின்னால் ஓர் உள்ளங்கை ரப்பரில் நிற்கிறது. கணக்கு தோராயமானது, ஆனா படம் சரியானது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பாருங்கள். 3.25-19 டயர்கள் பலவற்றில் '54பி' என்று இருக்கும். 54 என்பது சுமைக் குறியீடு. அட்டவணைப்படி 212 கிலோ. அதுவும் அந்த டயருக்கு அனுமதித்த முழுக் காற்று இருந்தால்தான். நம் கணக்கில் பின் டயர் சுமப்பது 185. இடைவெளி 27 கிலோதான். ஒரு மூட்டை அரிசி ஏற்றினால் அதுவும் தீர்ந்தது. காற்று குறைவாக இருந்தால் மூட்டையே வேண்டாம். பழைய வண்டியில் டயர் விஷயத்தில் தாராளமான பாதுகாப்பு விளிம்பு எதுவும் கிடையாது என்பது இதிலிருந்து புரியும்.

எண்களைப் படிப்பது

3.25-19 என்றால் டயரின் குறுக்கு அகலம் பெயரளவில் 3.25 அங்குலம், ரிம்மின் விட்டம் 19 அங்குலம். இந்தப் பழைய அங்குல அளவுகளில் உயரம் தனியாகச் சொல்லப்படவில்லை. அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அதே அளவு உயரம் என்பது அன்றைய வழக்கம்.

புதிய முறையில் 90/90-19 என்று எழுதுவார்கள். அகலம் 90 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், அதாவது 81 மில்லிமீட்டர். இரண்டையும் ஒப்பிட மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் போதும். 19 அங்குலம் என்பது 482.6 மில்லிமீட்டர்.

3.25-19: 482.6 + (82.55 × 2) = 647.7 மி.மீ.
90/90-19: 482.6 + (81 × 2) = 644.6 மி.மீ.
100/90-19: 482.6 + (90 × 2) = 662.6 மி.மீ.

முதல் இரண்டுக்கும் வித்தியாசம் 3 மில்லிமீட்டர்தான். ஆகவே 3.25-19 கிடைக்காதபோது 90/90-19 நியாயமான மாற்று. 100/90-19 என்பது 15 மில்லிமீட்டர் பெரிது. நம்ம ஊர் புல்லட்டில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. முன்னால் பெரிய டயர் போட்டால், முள் 60 காட்டும்போது வண்டி 61-க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும். இது பெரிய தப்பில்லை. பெரிய தப்பு ரிம்மில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

54பி-யில் 'பி' என்பது வேக எல்லை, மணிக்கு 150 கிலோமீட்டர். 'எல்' என்றால் 120, 'ஜே' என்றால் 100. புல்லட் 350-க்குப் 'பி' தாராளம்.

சரி, இப்போது நடுவிலிருந்து வெளியே போவோம்.

பேரிங்

வண்டியை நடு ஸ்டேண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லேசாக 'டொக் டொக்' என்றால் பேரிங் போய்விட்டது. பிறகு சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஃபோர்க்கின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். மணல் அரைபடுவது போல உணர்ந்தாலும் அதே பொருள்தான்.

பழைய பேரிங்கைக் கழற்றினால் பக்கத்தில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணை வைத்தே வாங்கலாம், வண்டிப் பெயர் தேவையில்லை. உதாரணமாக 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர். 6303 என்றால் உள் விட்டம் அதே 17, ஆனால் வெளியே 47, தடிமன் 14. ஒரு எண் மாறினால் ஹப்புக்குள் போகாது. பின்னால் '2ஆர்எஸ்' என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல். 'இசட்இசட்' என்றால் தகர மூடி. நம் மழைக்கும் தண்ணீர் தேங்கும் சாலைக்கும் ரப்பர் சீல் நல்லது. போலி பேரிங் நிறையப் புழங்குகிறது. ஸ்பேர் கடையைவிட பேரிங் மட்டுமே விற்கும் டீலரிடம் எண்ணைச் சொல்லி வாங்குவது பாதுகாப்பு.

இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய்த் துண்டு இருக்கும். பழைய வண்டிகளைப் பிரிக்கும்போது அடிக்கடி காணாமல் போவது இதுதான். அது இல்லாமல் அச்சு நட்டை இறுக்கினால், இறுக்கம் முழுக்க பேரிங்கின் உள் வளையங்களைப் பக்கவாட்டில் நெருக்கும். புது பேரிங்கும் சீக்கிரம் செத்துவிடும். "புது பேரிங் போட்டும் நிக்கலை" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

டிரம், ஸ்ப்ராக்கெட், ரப்பர்

பழைய புல்லட்டின் பின் டிரம்மில் ஒரு விசேஷம். பிரேக் டிரம்மும் 38 பல் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே வார்ப்பு. பல் தேய்ந்தால் ஸ்ப்ராக்கெட்டை மட்டும் மாற்ற முடியாது, டிரம்மோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆகவே டிரம்மைப் பார்க்கும்போது பல்லையும் பாருங்கள். பல் ஒரே பக்கமாக அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் முடிந்தது. செயினைப் பின்பக்கம் பிடித்து இழுக்கும்போது பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினும் முடிந்தது. புது டிரம்மில் பழைய செயின் போடுவது, புதுச் செருப்புக்குள் கூழாங்கல் போடுவது மாதிரி.

டிரம்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ரப்பர் கட்டைகள் இருக்கும். இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் நேரடியாகச் சக்கரத்தில் இடிக்காமல் இவை வாங்கிக்கொள்கின்றன. ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு இவை மிக அவசியம். சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு டிரம்மை முன்னும் பின்னும் திருகினால், தளர்ந்து ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ரப்பர் காய்ந்து சுருங்கிவிட்டது. விலை குறைந்த பொருள்தான். இதை மாற்றாமல் விட்டால் செயின், பல், ஸ்போக்ஸ் மூன்றும் அடி வாங்கும்.

டிரம்மைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய பிரேக் ஷூக்களின் ஒட்டுப்பட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உள்ளே படிந்த தூசியை காற்றுக் குழாயால் ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியை ஒரு கவரில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஸ்போக்ஸ்

ஸ்பேனரின் நுனியால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இழுவையில் இருப்பது 'டிங்' என்று சொல்லும். தளர்ந்தது 'டப்' என்று மந்தமாகச் சொல்லும். ஒன்றிரண்டு மந்தமாக இருந்தால் இறுக்கலாம். பல ஒலித்தும் பல மந்தமாகவும் இருந்தால், அல்லது ஹப்பில் நுழையும் வளைவில் துரு அரித்திருந்தால், முழு செட்டையும் மாற்றுங்கள். ஸ்போக் பெரும்பாலும் உடைவது அந்த முழங்கை வளைவில்தான். பழசும் புதுசும் கலந்து போட்டால் இழுவை சமமாக நிற்காது.

பழைய ஸ்போக்ஸுக்கே மறுபடி குரோம் பூசித் தருகிறேன் என்று பட்டறையில் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். முலாம் பூசும் வேதிக்குளியலில் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகுந்து, இழுவையில் நிற்கும் கம்பியை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். பளபளப்பாக இருக்கும், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். மட்கார்டுக்கு குரோம் சரி, ஸ்போக்குக்குச் சரியில்லை.

ஹப்பின் உள்பக்கமாகப் போகும் ஸ்போக்குக்கும் வெளிப்பக்கமாகப் போகும் ஸ்போக்குக்கும் வளைவுக் கோணம் வேறு. நீளமும் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் மாறலாம். பழையதில் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, வெர்னியரால் தடிமனையும் ஸ்கேலால் நீளத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பிரிப்பதற்கு முன்னால் சக்கரத்தை நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஹப்பின் விளிம்பில் ஒரு நேரான சட்டத்தை வைத்து அங்கிருந்து ரிம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து எழுதி வையுங்கள். ரிம் ஹப்பின் நடுவில்தான் இருக்கும் என்று நினைத்துப் பின்னிவிட்டால், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ரிம்: இங்கேதான் உண்மையான முடிவு

பழைய ரிம்மில் வால்வு ஓட்டைக்குப் பக்கத்தில் 'டபிள்யூஎம்2-19' என்றோ '1.85 × 19' என்றோ குத்தியிருக்கும். இரண்டும் ஒன்றே. 1.85 அங்குலம் என்பது டயரின் ஓரம் உட்காரும் இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட உள் அகலம், 47 மில்லிமீட்டர். டபிள்யூஎம்1 என்றால் 1.60, டபிள்யூஎம்3 என்றால் 2.15. எழுத்து அழிந்திருந்தால் டயரைக் கழற்றி அளந்துவிடலாம்.

இந்த எண்தான் எந்த டயர் போடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. 90/90-19 டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் 1.85-இல் தொடங்குகிறது. 100/90-19 டயருக்கு பெரும்பாலான அட்டவணைகளில் 2.15-இல்தான் தொடங்கும். ஆனாலும் "கொஞ்சம் அகலமா போட்டா கம்பீரமா இருக்கும்" என்று 1.85 ரிம்மில் 100 டயரையும், அதைவிடப் பெரிய 4.00-ஐயும் திணிப்பவர்கள் உண்டு. மாட்ட முடியும், காற்றும் நிற்கும். ஆனால் குறுகிய ரிம் டயரின் காலை இரண்டு பக்கமும் உள்ளே நெருக்குகிறது. அதனால் சாலையில் படும் முதுகு கூம்புகிறது. அகலமான டயர் வாங்கி, குறுகலான டயரின் பிடிப்பு. அதோடு பக்கச்சுவர் பலூன் மாதிரி வெளியே உப்பி, வளைவில் வண்டி மெதுவாக நெளியும். காசையும் கொடுத்து ஓட்டத்தையும் கெடுத்துக்கொள்வது இதுதான்.

ரிம்மின் துருவை வெளிப்பக்கம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் வால்வு ஓட்டை வழியாகவும் நிப்பிள் வழியாகவும் உள்ளே போய், ரிம் டேப்புக்கு அடியில் தங்கும். வெளியே குரோம் கண்ணாடி மாதிரி இருக்க, உள்ளே செதில் செதிலாக உரிந்திருக்கும். டேப்பை எடுத்துவிட்டு கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மேல்துரு மட்டும் என்றால் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கலாம். குழிகள் விழுந்திருந்தால், அல்லது நிப்பிள் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருந்தால், அந்த ரிம் சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

புது ரிம் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனை ஓட்டை? (பழைய டிரம் பிரேக் புல்லட்டில் வழக்கமாக 40, உங்களுடையதை எண்ணிவிடுங்கள்.) அகலம் என்ன? எந்த ஹப்புக்குக் குத்தியது? மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஓட்டைகள் ரிம்மில் நேராகக் குத்தப்படுவதில்லை. ஸ்போக் ஹப்பிலிருந்து வரும் திசைக்கு ஏற்ப ஒவ்வொன்றும் சாய்ந்திருக்கும். 40 ஓட்டை இருந்தாலும் சாய்வு வேறு ஹப்புக்கானது என்றால், நிப்பிளின் வாயில் ஸ்போக் வளைந்து, அங்கேயே உடையும்.

பின்னி முடித்ததும் பெண்டு எடுக்க வேண்டும். சக்கரம் சுற்றும்போது ரிம் மேலும் கீழும், இடமும் வலமும் 1 மில்லிமீட்டருக்குள் ஆடுகிற அளவுக்குக் கொண்டுவந்தால் நல்ல வேலை. நிப்பிளைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்போக் நுனிகளை அரம் போட்டுச் சமப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் ட்யூப்பைக் குத்தும். ஸ்போக்ஸ் இழுத்த இழுப்பில் டிரம் லேசாக முட்டை வடிவத்துக்குப் போவதும் உண்டு. பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினால் ஒரே இடத்தில் உரசும். அப்படி இருந்தால் பின்னிய சக்கரத்தோடேயே லேத்தில் மெல்லியதாக ஒரு சீவு சீவ வேண்டும். அதனால்தான் டிரம் வேலையும் டயருக்கு முன்னால் வருகிறது.

பின்னால் 19 கிடைக்கவில்லை என்றால்

இன்றைக்கு உள்ள நடைமுறைச் சிக்கல் இது. 2021-இல் வந்த கிளாசிக் 350-இல் முன்சக்கரம் 19, பின்சக்கரம் 18. மற்ற பல புதிய வண்டிகளிலும் 19 அங்குலம் முன்னால் மட்டும்தான். அதனால் 19 அங்குல முன் டயருக்குப் பஞ்சமில்லை. பின் டயரில்தான் தெரிவு சுருங்கிவிட்டது.

சிலர் பின் ரிம்மை 18-க்கு மாற்றுகிறார்கள். இதற்கு ரிம், அரை அங்குலம் குறைந்த ஸ்போக்ஸ், டயர், ட்யூப் எல்லாமே புதிது. 3.50-18 போட்டால் மொத்த விட்டம் 635 மில்லிமீட்டர், பழையதைவிட 2 சதவீதம் குறைவு. வண்டியின் பின்பக்கம் 6 மில்லிமீட்டர் இறங்கும், இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும். ஓட்டிப் போக முடியாத மாற்றம் இல்லை. இதைவிட அகலமாகப் போக நினைத்தால் செயின் கவர், ஸ்விங் ஆர்ம், மட்கார்டு மூன்றோடும் இடைவெளி பார்க்க வேண்டும். ஓடும்போது டயர் சூட்டிலும் சுழற்சியிலும் கொஞ்சம் விரியும். நின்றபோது உரசவில்லை என்பது போதாது.

என் விருப்பம் 19-ஐ அப்படியே வைத்துக்கொள்வது. முன்னும் பின்னும் ஒரே அளவு என்பதால் ஒரே ஒரு ட்யூப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். அந்த வசதியை விடுவதற்கு மனசு வராது. மாற்றுவதாக இருந்தால் பழைய ரிம்மைத் தூக்கிப்போடாதீர்கள்.

ட்யூப், ரிம் டேப், வால்வு

புது டயருக்குப் புது ட்யூப். பழைய ட்யூப் பழைய டயரின் அளவுக்கு நீண்டு பழகியிருக்கும், புது டயருக்குள் மடிப்பு விழும், மடிப்பில் வெடிக்கும். ரிம் டேப்பும் புதிது. நிப்பிள் தலைகளிலிருந்து ட்யூப்பைக் காப்பாற்றுவது அந்த ரப்பர் நாடாதான்.

வால்வின் நட்டை ரிம்மோடு ஒட்ட இறுக்குவது நம் பஞ்சர் கடைகளில் வழக்கம். அதைத் தளர்த்தி மேலே மூடியோடு சேர்த்து விடச் சொல்லுங்கள். காற்று குறைந்தால் டயர் ரிம்மில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், ட்யூப்பையும் இழுத்துக்கொண்டு போகும். நட்டு தளர்ந்திருந்தால் வால்வு சாய்ந்து நின்று உங்களுக்குத் தகவல் சொல்லும். இறுக்கியிருந்தால் எதுவும் சொல்லாமல் வேரோடு கிழியும். பஞ்சர் மெதுவாக இறங்கும், இந்தக் கிழிசலில் காற்று ஒரே நொடியில் போய்விடும்.

"ட்யூப்லெஸ் டயர் போட்டுக்கலாமா?" என்பது அடுத்த கேள்வி. ஸ்போக் ரிம்மில் ஒவ்வொரு நிப்பிளும் ஓர் ஓட்டை, காற்று நிற்காது. அந்தப் பழைய ரிம்மில் டயரின் ஓரத்தைப் பிடித்து வைக்கும் மேடும் இல்லை. டயர் கம்பெனி ட்யூப் போட அனுமதித்தால் உள்ளே ட்யூப் போட்டு ஓட்டலாம். ஆனால் அப்போது அது ட்யூப் டயர்தான். பெயரில் மட்டும் லெஸ்.

கடைசியாக, டயர்

முன்னால் நீளவாக்கில் வரிகள் ஓடும் ரிப் டயர், பின்னால் கட்டம் கட்டமான டயர். இது அழகுக்காக வந்ததல்ல. முன்சக்கரம் வண்டியைத் தள்ளுவதில்லை. அதன் வேலை திருப்புவதும் நிறுத்துவதும். நீளவரிகள் பக்கவாட்டுச் சறுக்கலைத் தடுக்கின்றன. பின்சக்கரம் தரையை உதைத்துத் தள்ள வேண்டும், அதற்குக் குறுக்கு விளிம்புகள் வேண்டும்.

சில டயர்களை முன்னும் பின்னும் போடலாம். அவற்றின் பக்கச்சுவரில் இரண்டு அம்புக்குறி இருக்கும், முன்னுக்கு ஒரு திசை, பின்னுக்கு எதிர்த் திசை. பின் டயரில் பெரிய விசை இன்ஜின் தள்ளுவது, முன் டயரில் பிரேக் இழுப்பது. இரண்டும் எதிரெதிர். டயரின் ரப்பர் பட்டை ஓரிடத்தில் சாய்வாக ஒட்டப்பட்டிருக்கும். விசை அந்த ஒட்டைப் பிரிக்கும் பக்கமாக வராமல் பார்த்துக்கொள்வதுதான் அம்பின் வேலை. மாட்டுபவர் பார்க்காவிட்டால் நீங்கள் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தேதி. பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1424 என்றால் 2024-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முந்தியது. பல கம்பெனிகள் ஐந்து வருடம் ஆன டயரை ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்கவும், பத்து வருடத்தில் தேயாவிட்டாலும் மாற்றவும் சொல்கின்றன. ஓடாமல் நின்ற டயரும் கெட்டுப்போகும். காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கிறது. அதைத் தடுக்க ரப்பரில் கலந்த மெழுகு, டயர் ஓடி நெளியும்போதுதான் மேலே கசிந்து வந்து காக்கிறது. நின்ற வண்டியில் அது நடப்பதில்லை.

பழைய வண்டிக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அரிதாக விற்கும் அளவு கடை அலமாரியில் நீண்ட நாள் தூங்கும். தெரிந்த ஒருவருக்கு ஒரு கடையில் 'புத்தம் புது ஸ்டாக்' என்று கொடுத்த பின் டயரில் தேதி ஏழு வருடத்துக்கு முந்தியது. கறுப்புப் பாலிஷ் மட்டும் புதிது. சென்னையில் புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும், பழைய உதிரிக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன. புதுப்பேட்டையில் ஹப்பும் மட்கார்டும் தேடலாம், தப்பில்லை. டயரையும் ட்யூப்பையும் பிரேக் ஷூவையும் அங்கே தேட வேண்டாம்.

மாட்டிய பிறகு

டயரின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது ரிம் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் மறைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள்.

காற்று அளவு அந்தக் காலக் கையேடுகளில் தனி ஆளுக்கு முன் 18, பின் 28 பிஎஸ்ஐ என்று இருக்கும். பின்னால் ஆள் என்றால் கொஞ்சம் கூட்ட வேண்டும். டயர் வகையை மாற்றியிருந்தால் அந்தக் கம்பெனி சொல்வதையும் பாருங்கள். எப்படியானாலும் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். முதல் 150 கிலோமீட்டர் வளைவில் சாய்க்காமல் ஓட்டுங்கள், புது ரப்பரின் வழவழப்பு போகட்டும். புதிதாகப் பின்னிய சக்கரம் என்றால் சில நூறு கிலோமீட்டருக்குள் ஸ்போக்ஸைத் தட்டிப் பார்த்து இறுக்கிவிடுங்கள். எல்லாம் ஒருமுறை தன் இடத்தில் உட்காரும்.

செலவு ஒரேயடியாக முடியாது என்றால், பணத்தையும் இதே வரிசையில் போடுங்கள். முதலில் பேரிங், பிரேக் ஷூ, ரப்பர் கட்டை. அடுத்து டிரம்மும் செயினும். பிறகு ரிம்மும் ஸ்போக்ஸும். எல்லாம் முடிந்து சக்கரம் நேராகச் சுற்றும் நாளன்று டயரும் ட்யூப்பும். அப்படிச் செய்தால் டயரின் தேதியும் புதிதாக இருக்கும். அதுவரை பழைய டயரில் வண்டியைத் தெருமுனை வரைக்கும்கூட எடுக்க வேண்டாம். இத்தனை வருஷம் காத்திருந்த வண்டி, இன்னும் ரெண்டு மாசம் காத்திருக்கும்.